கோதுமை ஒவ்வாதார்க்கு நம் அடுக்களை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் தமிழும் பேசவேண்டிய இம்மேடையிலே சோற்றையும் பாணையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் பிரித்துப் பார்த்தால் குளிகையும் கஷாயமும் அங்கே காணப்படா. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது என்பதே அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி. உணவு அறத்தோடு சேர்ந்தது என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. அன்னதானத்தை அறங்களுட் சிறந்ததாகப் போற்றும் நம் சமூகத்தில், அந்த அன்னம் ஒருவருக்கு நஞ்சாகுமானால் நாம் என் செய்வது? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

கோதுமை சிலருக்கு நஞ்சாகும். இது கதையன்று. மருத்துவர் இந்நோயைச் சீலியாக் நோய் என்பர். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இழுத்தால் அறாமல் இழுபடுகின்றதல்லவா? அப்படி இழுபடச் செய்வது குளூட்டன் என்னும் பசைப் புரதம். கோதுமையிலும், பார்லியிலும், றை என்னும் மேனாட்டுத் தானியத்திலும் இது உண்டு. நம்மிற் பெரும்பாலோர் இதனை உண்டு ஒரு தீங்கும் அடைவதில்லை. ஆனால் சீலியாக் நோயுடையவர் இதனை உண்ணும்போது, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகின்றது. சிறுகுடலின் உட்சுவரிலே விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளைப் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். உணவின் சத்தை உறிஞ்சுவன அவையே. அவை தேய்ந்து மட்டமாகிவிட்டால், வயிறு நிறைய உண்டாலும் உடம்பிற் சத்துச் சேராது.

அதனால் வருவன யாவை? சிலருக்கு ஓயாத வயிற்றோட்டமும் வயிற்றுப் பொருமலும் உண்டாகும். சிலருக்கு வயிற்றிலே ஒரு குறையும் தோன்றாது; இரும்புச் சத்துக் குளிகை எத்தனை மாதம் விழுங்கினாலும் மாறாத இரத்தசோகை மாத்திரம் இருக்கும். குழந்தைகள் வளராமல் நிற்பர். எலும்பு மெலியும், வாயிற் புண் வரும், சோர்வு நீங்காது. சிலருக்குக் கருச்சிதைவும் நேர்வதுண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்கள் பல உண்டு என்பதையும் மறத்தலாகாது. இரத்தசோகை உள்ளவர் எல்லாரும் சீலியாக் நோயாளர் அல்லர். ஆனால் காரணம் பிடிபடாமல் வருடக்கணக்காக வைத்தியசாலைக்கு அலைகின்ற ஒருவரை, "சாப்பாடு சரியில்லை, பிள்ளைக்குப் பாணையாவது நன்றாகக் கொடுங்கள்" என்று அயலார் சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளையின் கதி என்னாகும்?

இந்நோயின் வரலாறு நாம் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. 1888 ஆம் ஆண்டு சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில மருத்துவர் இதனைத் தெளிவாக விவரித்து, இதற்கு மருந்து இருக்குமானால் அது உணவிலேயே இருத்தல் வேண்டும் என்று கருதினார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. பின் வந்தோர் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தனர், குழந்தைகள் தேறினர். வாழைப்பழத்திலே ஏதோ சிறப்பு உண்டென்று நம்பினர். அவ்வுணவு முறையிலே பாண் இல்லாதிருந்ததே காரணம் என்று அப்போது எவரும் அறியவில்லை.

உண்மையை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர். முன்னொரு காலத்தில் நம் முல்லைத்தீவுக் கரையிலே கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் நாட்டைச் சேர்ந்தவர் அவர். கோதுமையே இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று போருக்கு முன்னரே ஐயுற்றிருந்தார். 1944, 1945 ஆம் ஆண்டுகளின் மாரிகாலத்திலே, ஜேர்மன் படைகளின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பாண் கிடையாமல் மக்கள் பூஞ்செடியின் கிழங்குகளையும் அவித்து உண்டனர். அந்தக் கொடிய காலத்திலே சீலியாக் நோயுடைய குழந்தைகள் மாத்திரம் மோசமடையாமல் தேறினர். போர் முடிந்து பாண் மீண்டும் வந்தபோது அவர்களின் நோயும் மீண்டும் வந்தது. டிக்கே இதனை முறையாக ஆராய்ந்து 1950 இல் தமது ஆய்வேட்டை வெளியிட்டார். 1953 இல் அவரும் அவருடன் உழைத்தோரும் கோதுமையின் குளூட்டனே தீங்கு செய்வது என்று காட்டினர். நோய்க்கு மருந்து, கோதுமையை அடியோடு விலக்குதலே. இன்றும் அதுவே மருந்து. வேறு குளிகை இன்னும் வரவில்லை.

பசி என்றால் என்னவென்று வன்னி மக்களாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாரும் பட்டினி கிடந்த நாட்களிலே சில குழந்தைகளின் முகத்தில் வந்த தெளிவை, கூர்ந்து நோக்கிய ஒரு வைத்தியர் கண்டுகொண்டார். துன்பகாலத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு அறிவு கிடைக்கின்றது என்பதே இளைஞர்களாகிய நாம் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

"இது வெள்ளைக்காரரின் வருத்தம், சோறு தின்னும் நமக்கு ஏது?" என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. இந்தியாவின் மூன்று பகுதிகளிலே 23,000 பேருக்கு மேற்பட்டோரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. வட இந்தியாவிலே 1,000 பேரில் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தென்னிந்தியாவிலோ 10,000 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே காணப்பட்டது. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரைத் தன்மை வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவினதாக இருந்தது. வேறுபட்டது உணவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம். நம் இரத்தத்திலே வித்து இருக்கின்றது. சோறு அதனை முளைக்க விடாமல் வைத்திருக்கின்றது போலும் என்று எண்ண இடமுண்டு.

அப்படியானால் நாம் இன்னும் சோற்று மக்கள்தாமா? ஆண்டுகளைத் திருப்பிப் பார்ப்போம். 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அக்காலத்திலே கோதுமை மாவும் பாணும் இலங்கையின் வீடுகள்தோறும் நுழைந்தன. நம் பாட்டிமார் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்று அழைத்த பெயரே அது வந்த வழியைச் சொல்லும். 1980 இலே திருகோணமலையிற் பிறிமா ஆலை மா அரைக்கத் தொடங்கியது. நம் நாட்டிலோ கோதுமை பயிராவதில்லை. அனைத்தும் கப்பலேறி வருவது. 2009 இல் வவுனியா செட்டிகுளத்து முகாம்களிலே நம் மக்கள் அடைபட்டிருந்தபோது கையேந்தி வாங்கிய நிவாரணத்திலும் அரிசியோடு கோதுமை மாவும் வந்தது. அந்த மா பல உயிர்களைக் காத்தது. அதனைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் காலையிற் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மாலையிலே றோல்ஸ், இரவிற் கொத்து ரொட்டி என்று கிளிநொச்சிச் சந்தியில் நிற்கும் இளைஞன் தன்னைச் சோற்று மகன் என்று சொல்லிக்கொள்ளல் பொருந்துமோ?

இனி, தாய்மார் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். நோயாளி பாணை விட்டுவிட்டால் போதும் என்று எண்ணுதல் பிழை. அரிசிப் பண்டம் என்று நாம் பெயர் சொல்லும் பலவற்றில் கோதுமை ஒளிந்திருக்கின்றது. நம் இடியப்பமும் பிட்டும் பல வீடுகளிலே அவித்த கோதுமை மாவினாலோ, அரிசி மாவோடு அதனைக் கலந்தோ செய்யப்படுகின்றன. நம் தோசையிலே உழுந்தோடு கோதுமை மா சேர்கின்றது. மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் பதம் வருவதற்காக அதையே கலக்கின்றோம். கடை அப்பத்திலும் அது இருக்கும். ரவை என்பதும் கோதுமையே. ஆதலால் உப்புமாவும் கேசரியும் ஆகா. குரக்கன் பாண் என்று நிறத்தைக் கண்டு வாங்கினால் அதிலே பெரும்பங்கு கோதுமை மாவே. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பதுண்டு. சோயா மீற்றிலும் சோயாச் சாற்றிலும் சிலவற்றிற் சேர்ந்திருக்கும். பொதியின் பின்புறத்தைப் படித்தே வாங்கல் வேண்டும்.

மாவை அவித்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் நினைப்பர். அவித்தாலும், வறுத்தாலும், புளிக்கவைத்தாலும் குளூட்டன் அழிவதில்லை. கோதுமை மா அரித்த அரிதட்டிலே நோயாளியின் அரிசி மாவை அரித்தாலும் தீங்கு வரும். உலக உணவு நியமத்தின்படி, குளூட்டன் இல்லாதது என்று பெயரிட்டு விற்கும் உணவிலே ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. ஒரு சிட்டிகை மாவும் அந்த எல்லையைத் தாண்டவைக்கும் என்றால் நோயாளிக்கு வேறு அரிதட்டும், வேறு இடியப்ப உரலும், வேறு தோசைக்கல்லும் ஏன் வேண்டும் என்பது விளங்கும். இதனைத் தீட்டு என்று எண்ணி எவரும் மனம் நோகவேண்டியதில்லை. இது காப்பு.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் கையிற் கொண்டுபோவது என்ன? ஒரு பெட்டி பிஸ்கற்றும் ஒரு பேணி மோல்ற் மாவும். பிஸ்கற் கோதுமை, மோல்ற் பார்லி. சலக்கடுப்புக்கு நல்லதென்று காய்ச்சிக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் அத்தகையதே. நமது அன்பே அவருக்குப் பகையாய் முடிகின்றது.

அப்படியாயின் அவர் உண்ணத்தக்கது யாது? இங்கேதான் வன்னி மண்ணின் பெருமை வெளிப்படுகின்றது. மேல்நாட்டிலே இந்நோயுடையவர் பெரும் பணம் கொடுத்துத் தனிப் பாணும் தனிப் பிஸ்கற்றும் வாங்குகின்றனர். நமக்கு அது வேண்டா. இரணைமடுக் குளத்தின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும் விளைகின்ற நெல் முழுவதும் இவருக்கு உரிய உணவு. குரக்கன், தினை, சாமை, வரகு, சோளம் ஆகியவற்றிலும் இந்நஞ்சு இல்லை. உழுந்து, பயறு, கௌபி, கடலை, எள்ளு யாவும் ஆகும். மரவள்ளியும் வத்தாளையும் ஆகும். பனை தந்த ஒடியலிலே பிட்டு அவிக்கலாம், கூழ் காய்ச்சலாம். பால், தயிர், பழம், கீரை, தேங்காய் என்பவற்றைச் சொல்லவும் வேண்டுமோ? தனி அரிசி மாவில் இடியப்பம், அரிசியும் உழுந்தும் மட்டும் அரைத்த தோசை, தனிக் குரக்கன் பிட்டு, பயற்றங்கஞ்சி என்று நம் பாட்டிமார் அமெரிக்கன் மா வருமுன் சமைத்தவற்றை மீண்டும் சமைத்தால் போதும். குடும்பம் முழுவதும் அதையே உண்ணலாம். ஒருவருக்கென்று வேறு உலை வைக்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விடுவது குற்றமாகும். குளூட்டனை விலக்கினால் எல்லா நோயும் மாறும் என்று கூவி விற்போர் இக்காலத்திற் பெருகிவிட்டனர். நீரிழிவுடைய பெரியவர் ஒருவர் பாணை விட்டு அதற்கு ஈடாக இரண்டு தட்டுச் சோறு உண்டால் அவருடைய சர்க்கரை இறங்குமா? இறங்காது. வயது வந்தபின் வரும் சாதாரண நீரிழிவுக்குக் குளூட்டன் காரணமன்று. அங்கே கவனிக்கவேண்டியது மாப்பொருளின் அளவு. சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி வேண்டிவரும் நீரிழிவு வேறு வகை. அவ்வகையினரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவினருக்குச் சீலியாக் நோயும் கூட இருப்பதுண்டு. ஆதலால் அவர்களைச் சோதித்தல் நன்று. தைரொயிட் சுரப்பியை உடலே தாக்கும் நோயுடையவருக்கும் இது சற்று அதிகமாகக் காணப்படும்.

வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கின்றது. அந்நோயாளருக்கு வைத்தியர் வகுக்கும் உணவு முறை வேறு. உப்பும் புரதமும் சில பழங்களும் கிழங்குகளுங்கூட அவருக்கு அளவோடுதான். நாம் மேலே புகழ்ந்த பயறும் கீரையும் குரக்கனும் அவருக்குத் தகுமா என்பதை அவரை நடத்தும் வைத்தியரே சொல்லவேண்டும். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு மருந்தாகாது. நோயை அறிந்து, அதன் வேரை அறிந்து, பின்னரே மருந்தை நாடுதல் நம் முன்னோர் நெறி.

இதனோடு சேர்ந்த இன்னொன்றையும் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்க. ஐயம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்துதல் கூடாது. முதலில் இரத்தச் சோதனை. அதன் பின் வேண்டுமானால் குழாய் செலுத்திக் குடலின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தல். இவை சரியான விடை தரவேண்டுமானால் அக்காலத்திலே நோயாளி கோதுமை உண்டுகொண்டிருத்தல் வேண்டும். முன்னரே நிறுத்தினால் நோய் மறைந்து, சோதனை பொய் சொல்லும். நோய் உறுதியானால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரையும் சோதித்தல் முறை. நெருங்கிய உறவினருள் பத்துப் பேரில் ஒருவர் வரைக்கும் இந்நோய் இருக்கக்கூடும்.

சமூகத்துக்கு வருவோம். இந்நோய்க்கு மருந்து சோறு. அது நம் வீட்டில் இருக்கின்றது. ஆயினும் நோயாளி துன்பப்படுகின்றார். ஏன்? நாம் அவரை விட்டுவைப்பதில்லை. "ஒரு துண்டு தின்றால் என்ன செத்தா போவாய்?" என்று விருந்திலே வற்புறுத்துகின்றோம். படைத்த மோதகத்தை மறுத்தால் சுவாமிக் குற்றம் என்கின்றோம். பெண்பிள்ளையாயின் கலியாணம் தடைப்படும் என்று பெற்றோர் நோயை மறைக்கின்றனர். புகுந்த வீட்டிலே அவள் வாய் திறவாமல் பிட்டை உண்டு உள்ளே தேய்கின்றாள். உண்ண உணவிருந்தும் ஒருத்தி நம் மௌனத்தால் மெலிவாளாயின், அப்பழி அவள் நோயின் மேலதன்று; நம்மேலது.

மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள் நாம். அயலார் செய்யும் நல்லதை எடுத்துச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. கத்தோலிக்கரின் பூசையிலே கோதுமை அப்பம் இன்றியமையாதது. ஆயினும் இந்நோயுடைய விசுவாசிகள் விலகி நிற்கலாகாது என்று எண்ணி, குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை வழங்கலாம் என்றும், அதுவும் ஆகாதவர் திராட்சை இரச வடிவில் மட்டும் பெறலாம் என்றும் 2003 இல் உரோமாபுரி அறிவித்தது. கோதுமையை விடமுடியாத சமயமே இவ்வளவு வழி தேடுமாயின், அரிசியை முதலாகக் கொண்ட நம் வழிபாட்டிற்கு என்ன தடை? வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியில் வைகாசிப் பொங்கலுக்கு ஏறும் பானையிலே இருப்பது அரிசி. மே மாதத்திலே முள்ளிவாய்க்காலை நினைந்து நாம் பகிரும் கஞ்சியிலே இருப்பதும் அரிசியே. அக்கஞ்சியின் முன் நோயாளியும் நாமும் ஒரே வரிசையிலே நிற்கின்றோம். மற்றை நாட்களிலும் அவ்வாறு நிற்க இயலாதா?

ஆகவே நம் சங்கத்தின் முன் சில பணிகளை வைக்கின்றோம். கோயில் அன்னதானத்திலும் திருவிழாப் பிரசாதத்திலும் மோதகத்தைத் தனி அரிசி மாவிலே செய்யுமாறு திருப்பணிச் சபையாரை வேண்டுவோம். கோதுமை கலந்த பண்டம் வைக்கப்படுமாயின் அது இன்னது என்று ஒரு மட்டையில் எழுதி முன்னே வைப்போம். மாறாத இரத்தசோகையும் ஓயாத வயிற்றோட்டமும் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, வைத்தியரிடம் இந்நோயைப் பற்றிக் கேட்டுப் பார்க்குமாறு எடுத்துச் சொல்வோம். குரக்கன், சாமை, தினை பயிரிடும் கமக்காரரிடம் நேரே வாங்குவோம். 2022 இலே மாவின் விலை ஏறிப் பாண் எட்டாக்கனியானபோது பட்ட பாட்டை மறவாதவர்க்கு இப்பணி தமக்கும் பயனுடையதென்பது விளங்கும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அமெரிக்கன் மா கலவாத பலகாரங்களின் பக்குவம் உங்கள் கைகளில் இருக்கின்றது. அதனை உங்கள் பேரப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். பந்தியிலே ஒருவர் "எனக்கு இது ஒவ்வாது" என்று சொன்னால், ஏன் என்று குறுக்கு விசாரணை செய்யாமல், "உங்களுக்குச் சோறு போடட்டுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலே அன்னதானம் முழுமை பெறும்.